விண்டோஸ் போன் 7-க்கு ஆப் எழுதியவர்களின் கதை

[திரை: கறுப்புப் பின்னணி. நீலச் சதுர டைல்கள் ஒவ்வொன்றாகப் புரள்கின்றன.]

வணக்கம். சந்தைக்குப் புதிதாக ஒரு ஸ்மார்ட்போன் பிளாட்ஃபார்ம் வருகிறது. அதை நம்பி ஆப்போ கேமோ எழுத உட்காரும் டெவலப்பருக்கு என்னென்ன நடக்கும்? இதற்கு ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக் கொஞ்சம் ஆழமாகப் பார்ப்போம்: மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் 7. கோட் எழுதுகிறவர்களை இவ்வளவு அருமையாக வரவேற்று, அப்புறம் இவ்வளவு அலையவிட்ட பிளாட்ஃபார்ம் வேறு இல்லை என்பது என் கட்சி.

2010 பிப்ரவரி 15. பார்சிலோனாவில் நடந்த மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ் என்ற போன் கண்காட்சியில் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் இதை அறிவித்தார். ஐபோனின் ஆப் ஸ்டோர் வந்து ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. ஆண்ட்ராய்டும் வேகம் பிடித்துவிட்டது. மைக்ரோசாஃப்டிடம் இருந்ததோ விண்டோஸ் மொபைல் என்ற பழைய சரக்கு. குச்சியை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன மெனுக்களைக் குத்த வேண்டும். அதை ஒட்டுப்போட்டுத் தேற்ற முடியாது என்று முடிவெடுத்து, திரையின் தோற்றத்தையும் ஆப் எழுதும் முறையையும் புதிதாகவே செய்தார்கள். விளைவு, பழைய விண்டோஸ் மொபைல் ஆப் ஒன்றுகூடப் புதிய போனில் ஓடவில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது மறுபடியும் வரும்.

[திரை: லாஸ் வேகஸ், மார்ச் 2010]

அடுத்த மாதமே, டெவலப்பர்களுக்காக மைக்ரோசாஃப்ட் நடத்திய மிக்ஸ் மாநாட்டில் ஆப் எழுதும் டூல்களைக் காட்டினார்கள். இரண்டு வழி. சாதாரண ஆப் என்றால் சில்வர்லைட், கேம் என்றால் எக்ஸ்என்ஏ; இரண்டுமே மைக்ரோசாஃப்டின் தயார்நிலைக் கோட் தொகுப்புகள். மொழி இரண்டுக்கும் சி ஷார்ப். கோட் எழுதுவதற்கு விஷுவல் ஸ்டூடியோ என்ற மென்பொருளின் எக்ஸ்பிரஸ் பதிப்பு, இலவசமாக.

இதன் அருமை அந்தக் காலத்து நிலவரம் தெரிந்தால்தான் புரியும். ஐபோனுக்கு எழுத வேண்டுமானால் மேக் கம்ப்யூட்டர் வேண்டும், ஆப்ஜெக்டிவ் சி படிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு எமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டர் திரையில் ஓடும் போலி போன், நிஜ போனின் ஆர்ம் சிப்பையே கம்ப்யூட்டருக்குள் போலியாக ஓட்டியதால் ஆமை வேகம். விண்டோஸ் போன் எமுலேட்டர் கம்ப்யூட்டரின் சொந்த சிப்பிலேயே ஓடியது, கிராஃபிக்ஸ் கார்டையும் பயன்படுத்திக்கொண்டது. பட்டனை அழுத்தினால் ஆப் திறந்துவிடும். கையில் போனே இல்லாமல் பாதி கேமை முடித்துவிடலாம்.

போன் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் கறாரான நிபந்தனை வைத்தார்கள். 800-க்கு 480 பிக்சல் திரை, 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், குறைந்தது 256 எம்பி ராம், நான்கு விரலைக் கண்டுகொள்ளும் தொடுதிரை, கீழே மூன்று பட்டன். சாம்சங் போனானாலும் எல்ஜி போனானாலும் இதுதான். பத்து விதமான திரைக்குப் பத்து விதமாகப் படம் வரைந்து வெறுத்துப்போனவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

[திரை: ஓடும் கேம், மூலையில் நொடிக்கு 30 ஃபிரேம்]

இப்போது கேம் பக்கம் வருவோம். எக்ஸ்என்ஏ 2006-லேயே கம்ப்யூட்டருக்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்துவிட்டது. அதைத்தான் போனுக்கும் கொண்டுவந்தார்கள். இதன் முதுகெலும்பு இரண்டே ஃபங்ஷன்: அப்டேட், டிரா. எதிரி எங்கே நகர்ந்தான், குண்டு யார் மேல் பட்டது என்ற கணக்கெல்லாம் அப்டேட்டில். திரையில் வரைவது மட்டும் டிராவில். போனில் இது நொடிக்கு 30 முறை சுற்றும். பள்ளிப் பையன்கூட ஒரு வார இறுதியில் பந்து துள்ளும் கேம் ஒன்றைச் செய்துவிடலாம்.

ஆனால் வேகமாக ஓடவைப்பது வேறு வித்தை. சி ஷார்ப்பில் பயன்படுத்தி முடித்த நினைவகத்தை கார்பேஜ் கலெக்டர்தான் துப்புரவு செய்யும். அது வேலைசெய்யும் நேரத்தில் கேம் ஒரு கணம் நிற்கும். அப்டேட்டுக்குள் குண்டு சுடும்போதெல்லாம் புதிது புதிதாக ஆப்ஜெக்ட் உருவாக்கினால், விளையாடுகிறவருக்குத் திரை திக்கித்திக்கி ஓடும். அதனால் தேர்ந்தவர்கள் கேம் தொடங்கும்போதே நூறு குண்டுகளைச் செய்து வைத்துக்கொண்டு, அவற்றையே சுழற்சியில் விட்டார்கள். இன்னொரு கட்டுப்பாடு, சொந்தமாக ஷேடர், அதாவது ஒவ்வொரு பிக்சலும் என்ன நிறத்தில் தெரிய வேண்டும் என்று கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் குட்டி புரோகிராம், எழுத முடியாது. எக்ஸ்என்ஏ தயாராகக் கொடுத்த ஐந்து எஃபெக்ட்டை வைத்துத்தான் வெளிச்சம், நிழல், பளபளப்பு எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழியும் கிடையாது. பெரிய கேம் கம்பெனிகள் தங்கள் எஞ்சினை, அதாவது எல்லா கேமுக்கும் அடிப்படையான கோடை, சி பிளஸ் பிளஸ்ஸில் வைத்திருந்தன. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் அதை எடுத்துப்போக முடிந்தது, இங்கே முடியவில்லை. சின்ன டெவலப்பருக்குச் சுலபமாக்கிய அதே முடிவுதான் பெரியவர்களை வாசலிலேயே நிறுத்தியது.

[திரை: ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் விரல்]

அடுத்து, எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்த டூம்ஸ்டோனிங். நீங்கள் ஆப்பில் ஏதோ டைப் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி வெளியே போகிறீர்கள். போன் அந்த ஆப்பைக் கொன்றுவிடும். சாவதற்கு முன் சில நொடி அவகாசம் கொடுக்கும். அதற்குள் எந்தப் பக்கத்தில் இருந்தீர்கள், என்ன டைப் செய்தீர்கள் என்று எழுதி வைத்துவிட வேண்டும். பேக் பட்டனில் திரும்பி வரும்போது, எதுவுமே நடக்காத மாதிரி ஆப் எழுந்து நிற்க வேண்டும். அந்த நடிப்புக்கான கோட் முழுக்க டெவலப்பர் தலையில். 2011 செப்டம்பரில் வந்த 7.5, அதாவது மேங்கோ, இதைப் பெருமளவு சரிசெய்தது.

ஸ்டோருக்கு அனுப்பினால் சோதனை உண்டு. முதல் திரை 5 நொடிக்குள் வர வேண்டும். 20 நொடிக்குள் தொட்டால் பதில் சொல்ல வேண்டும். கறுப்பு தீமிலும் வெள்ளைத் தீமிலும் எழுத்து தெரிய வேண்டும். எனக்குப் பிடித்த விதி: போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், கேட்காமல் அதை நிறுத்திவிட்டு உங்கள் கேமின் இசையைப் போடக்கூடாது. இன்றைக்கும் பல கேம்களுக்கு இந்த மரியாதை தெரியவில்லை.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 99 டாலர் கட்டணம், மாணவர்களுக்கு இலவசம், விற்றதில் 70 சதவீதம் உங்களுக்கு. டிரையல் வசதி உள்ளேயே இருந்தது; ஒரே ஆப், வாங்காதவருக்கு மட்டும் சிலவற்றைப் பூட்டி வைக்கலாம். கேமில் சாதித்தால் எக்ஸ்பாக்ஸ் லைவ் கணக்கில் சேரும் பதக்கமான அச்சீவ்மென்ட் மட்டும் மைக்ரோசாஃப்ட் தேர்ந்தெடுத்தவர்களுக்கே.

[திரை: நோக்கியா லூமியா]

2011 பிப்ரவரியில் நோக்கியா இந்தப் பக்கம் சேர்ந்தது. ஆண்டு இறுதியில் அவர்களுடைய விண்டோஸ் போனான லூமியா 800 வந்தது. 2012 ஜூனில் ஸ்டோரில் ஒரு லட்சம் ஆப் என்று அறிவித்தார்கள். சரி, தேறிவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிட்ட அதே மேடையில்தான் விண்டோஸ் போன் 8-ஐயும் அறிவித்தார்கள். உள்ளே இருந்த அடித்தளமே வேறு. அதனால் பழைய போன் எதற்கும் இந்த அப்டேட் கிடையாது. அமெரிக்காவில் லூமியா 900 கடைக்கு வந்து அப்போது சில மாதம்கூட ஆகவில்லை. பழைய ஆப்கள் புதிய போனில் ஓடின, அதுவரை புண்ணியம். ஆனால் புதிய வசதிகளோடு கேம் எழுத எக்ஸ்என்ஏ உதவாது. சி பிளஸ் பிளஸ்ஸுக்கும், மைக்ரோசாஃப்டின் கிராஃபிக்ஸ் தொகுப்பான டைரக்ட் 3டிக்கும் போக வேண்டும். 2013 தொடக்கத்தில், எக்ஸ்என்ஏ இனி வளராது என்று உறுதியாகிவிட்டது. மூன்று ஆண்டுக்கு முன் "இதைப் படியுங்கள்" என்று கொடுத்த அதே டூல்.

அப்புறம் 2014-இல் 8.1 வந்தபோது ஆப் எழுதும் முறை மறுபடி மாறியது. விண்டோஸ் 10-இல் இன்னொரு முறை. பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பதால் பெரிய ஆப்கள் வரவில்லை, ஆப் இல்லை என்பதால் பயன்படுத்துகிறவர்கள் வரவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். 2013-இல் மைக்ரோசாஃப்டே யூடியூப் ஆப் செய்தபோது கூகுள் அதைத் தடுத்ததும் நடந்தது. ஆனால் ஏற்கெனவே உள்ளே வந்து உழைத்தவர்களை மூன்று முறை மறுபடி எழுதச் சொன்னது கூகுள் இல்லையே. அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு எனக்கு இதுவே போதுமான காரணம்.

நோக்கியா என்றதும் நம் ஊரில் ஸ்ரீபெரும்புதூர் நினைவுக்கு வரும். நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் சிக்கியிருந்ததால் அங்கிருந்த ஆலை மட்டும் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போகவில்லை. 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. 2020 ஜனவரியில் விண்டோஸ் 10 மொபைலுக்கான ஆதரவும் முடிந்தது.

[திரை: மோனோகேம் சின்னம்]

எக்ஸ்என்ஏ மட்டும் சாகவில்லை. அதே ஃபங்ஷன் பெயர்கள், அதே அமைப்போடு, கோடை எல்லோருக்கும் திறந்துவைக்கும் ஓபன் சோர்ஸ் ஆட்கள் மோனோகேம் என்று ஒன்றை எழுதினார்கள். அதில் எழுதினால் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடும். எரிக் பரோன் தனி ஆளாக எக்ஸ்என்ஏவில் எழுதி 2016-இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி என்ற கேம் பின்னர் மோனோகேமுக்கு மாறியது. மேலே சொன்ன குண்டுச் சுழற்சி முறையை மோனோகேமில் எழுதிப் பார்க்க ஒரு சின்ன புராஜெக்ட் தயாராக இருக்கிறது, லிங்க் கீழே. அடுத்த வீடியோவில் பிளாக்பெர்ரி 10: ஆண்ட்ராய்டு ஆப்களையே உள்ளே ஓடவிட்டுப் பார்த்த பிளாட்ஃபார்ம்.