பற்றுச்சீட்டில் இல்லாத உழைப்பு

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"யாழ்ப்பாணத்து இளம் வரைகலைஞரின் பெருங்கவலை எது? வேலை கிடைக்காததா, செய்த வேலைக்கு மதிப்புக் கிடைக்காததா?" இதுதான் இன்றைய தலைப்பு. மதிப்புக் கிடைக்காததே என்று வாதிட வந்திருக்கிறேன். ஏழு ஆண்டுகளாக இந்த நகரத்து அச்சகங்களில் கணினி முன்னால் இருந்து வேலை செய்கிறவள் நான். என் கையால் செய்ததையும் என் கண்ணால் கண்டதையுமே சொல்லப்போகிறேன்.

எதிரணித் தலைவர் வேலையின்மையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். பட்டம் பெற்றும் வேலை இல்லாமல் இருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் எங்கள் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அந்த வலியை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வரைகலைஞருக்கு இந்த ஊரில் வேலை இல்லையா? கஸ்தூரியார் வீதியில் ஒருமுறை நடந்து பாருங்கள். கடைப் பெயர்ப்பலகை, ரியூசன் வகுப்புப் பதாகை, மதிலில் கண்ணீர் அஞ்சலி, கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ். கண்ணில் படும் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் இருந்து செய்திருக்கிறார். அவர் யார் என்று எவராவது கேட்டதுண்டா?

ஒரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கல்வெட்டு. ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுமலர். பஞ்சபுராணம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் என்று அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. நாள் தள்ளிப்போட முடியாத வேலை அது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அம்மா, தம்முடைய தாயாரின் கல்வெட்டுக்காக வந்தார். 1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது வீட்டில் விட்டுப்போன படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த படம் ஒன்றுதான். மேலுறை வெளுத்து, இடது கண்ணுக்கு மேலாக ஒரு கீறல் விழுந்திருந்தது. அதை முழுப்பக்கப் படமாக்க வேண்டும். மூன்று இரவு இருந்தேன். கண்ணை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. நான்காம் நாள் அந்த அம்மாவை வரச்சொல்லி, அருகில் ஒரு கதிரையைப் போட்டு இருத்தி, அவருடைய கண்ணைப் பார்த்துப் பார்த்து அவருடைய தாயின் கண்ணை வரைந்து முடித்தேன்.

பிறகு கனடாவில் இருக்கும் மகன் வாழ்க்கை வரலாற்றை பாமினி எழுத்துருவில் அனுப்பினார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அத்தனையும் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதை யுனிகோடுக்கு மாற்றினால் இடையிடையே எழுத்துகள் இடம் மாறும். லகர, ளகர, ழகரத்தை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இறந்தவரின் பெயரில் ஒரு பிழை வந்தால் அந்தக் குடும்பம் அதை எப்படித் தாங்கும்? வம்சாவளியில் நான்கு நாட்டுப் பேரப்பிள்ளைகள். ஒருவர் விடுபட்டாலும் உறவு முறியும். அவர்களுக்குப் பகலாகும்போது எங்களுக்கு இரவு. நள்ளிரவில் திருத்தம் வரும், விடியமுன் அனுப்ப வேண்டும். ஏழுமுறை திருத்தினோம்.

புத்தகம் கையில் வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எழும்பி வந்ததுபோல இருக்கிறது பிள்ளை" என்று அழுதார். பிறகு பற்றுச்சீட்டு எழுதப்பட்டது. கடதாசிக்கு இவ்வளவு, தகட்டுக்கு இவ்வளவு, மைக்கு இவ்வளவு, கட்டுவதற்கு இவ்வளவு. கடைசியில், வடிவமைப்பு: இலவசம்.

அந்த அம்மாவிடம் நான் என்ன குறை சொல்ல முடியும்? "அச்சடித்தால் வடிவமைப்பு இலவசம்" என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன வழக்கம். 2022இன் பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கடதாசி விலை ஏறியது, வாடிக்கையாளர் கொடுத்தார். மை விலை ஏறியது, அதையும் கொடுத்தார். போட்டோஷொப்பின் புதிய பதிப்புகளோ 2013இலிருந்து சந்தாவுக்குத்தான் கிடைக்கின்றன, அதுவும் டொலர் கணக்கில். அந்தச் செலவும் ஏறியது. ஏறாதது ஒன்றே ஒன்று. இலவசத்தை எதால் பெருக்கினாலும் இலவசம்தானே, நடுவர் அவர்களே.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி உங்களுக்கு வேலையே இருக்காது என்றார். அவருடைய அச்சம் எனக்கும் இருக்கிறது. அந்தக் கருவி வரைந்த படங்களில் தமிழ் எழுத்துகள் சிதைந்து கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது நாளை திருந்தலாம், அதை நம்பி நான் வாதாடவில்லை. நான் கேட்பது வேறு. "இதைக் கருவி சும்மா செய்து தருகிறதே, உனக்கு ஏன் காசு?" என்று இன்று கேட்கிறவர்கள், முன்னர் "கன்வா செயலியில் சும்மா செய்யலாமே" என்றார்கள். அதற்கும் முன்னர் "ஐந்து நிமிட வேலைதானே பிள்ளை" என்றார்கள். காரணம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, கொடுத்த விலை மாறவில்லை. கருவி எங்கள் வேலையைப் பறிக்குமோ என்னவோ, எங்கள் வேலைக்கு விலை இல்லை என்ற எண்ணம் அதற்கு முன்பே இங்கே குடியிருந்தது.

சட்டம் எங்களை மறந்துவிடவில்லை. ஊழியரிடம் 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைத்தவரின் பெயர் படைப்பில் இடம்பெறும் உரிமையை ஏற்கிறது. ஆனால் நியமனக் கடிதமே இல்லாமல் வேலை செய்கிற என் தோழிகளுக்கு எந்த நிதி? நான் செய்த கல்வெட்டுகளின் பின்னட்டையில் அச்சகத்தின் பெயர் இருக்கும். என் பெயர் ஒன்றிலும் இல்லை.

1841இல் உதயதாரகைப் பத்திரிகை அச்சேறிய மண் இது. ஆறுமுக நாவலர் பதிப்பு என்றால் பிழையிராது என்று தமிழுலகம் நம்பி வாங்கிய காலம் இருந்தது. ஒரு பக்கத்தைப் பிழையின்றி அமைப்பது பெரிய காரியம் என்று அறிந்திருந்த ஊரில், என் அம்மாவிடம் "மகள் என்ன செய்கிறாள்?" என்று கேட்டால், "கொம்பியூட்டரில் ஏதோ செய்கிறாள்" என்கிறார். அம்மாவுக்கு என்மேல் அன்பு குறைவில்லை. சொல்வதற்கு ஒரு பெயர் இல்லை. என்னோடு படித்தவர்களில் இருவர் இந்தத் தொழிலை விட்டு அலுவலக உதவியாளர்களாகப் போனார்கள். இருவருக்கும் இங்கே வேலை இருந்தது, நாள் முழுவதும் இருந்தது. அதை உத்தியோகம் என்று சொல்லிப் பெண் கேட்கப் போக முடியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

நேரம் முடிகிறது என்று மணி அடித்துவிட்டார்கள். "வேலையே இல்லாவிட்டால் மதிப்பு எங்கிருந்து வரும்?" என்று எதிரணி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி அமர்கிறேன். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்தக் காலத்தில் எங்கள் அச்சகத்தில் இரவு 11 மணிக்கும் விளக்கு எரியும். சாப்பிட எழுந்து போக நேரம் இராது. அந்த மாதமும் எங்களுக்கு அதே சம்பளம்தான். நன்றி, வணக்கம்.