கடைசி ஒரு மில்லிகிராம்

நேயர்களுக்கு வணக்கம்.

மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பார்த்திருப்பீர்கள். நகத்தால் ஒரு அழுத்து, டக்கென்று உடையும். ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சிறிசு, விரல் நுனியில் கொஞ்சம் மாவு. தலைவலி மாத்திரை என்றால் ஊதிவிட்டுப் போய்விடலாம். வருஷக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிட்டுவிட்டு அதை நிறுத்தப் பார்க்கிறவருக்கு அந்த மாவிலும் கணக்கு உண்டு.

நான் மருந்தாளுநர். இன்று பேசப்போவது டயஸிபாம், லோராஸிபாம், அல்பிரஸோலாம், குளோனஸிபாம் என்ற குடும்பத்தைப் பற்றி. பென்ஸோடயஸிபைன் என்பது குடும்பப் பெயர். 1960இல் இந்த வகையில் முதல் மருந்து விற்பனைக்கு வந்தது, 1963இல் டயஸிபாம். பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் சில வாரங்களுக்கு என்று எழுதிக்கொடுத்தது, பலருக்குப் பல வருஷமாக நீண்டுவிடுகிறது.

மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. பரபரப்பை அடக்கிவைப்பது அதன் வேலை. இந்த மாத்திரைகள் அந்த வேலைக்குக் கை கொடுக்கின்றன. ஒரு வீட்டில் ஒருத்தரே எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தால் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து பழகிவிடுவார்கள் இல்லையா? மூளையும் அப்படித்தான் பழகிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அடக்க ஆளில்லை. தூக்கம் போகும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். சிலருக்கு வலிப்பே வரும், உயிருக்கும் ஆபத்தாகலாம். அதனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் இன்று ராத்திரி மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் குறைக்கவும் வேண்டாம்.

என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால், தினமும் 5 மில்லிகிராம் டயஸிபாம் எடுத்துவந்த ஒருவர் எப்படி நிறுத்துவது என்று கேட்டார். "கொஞ்ச நாள் பாதி, அப்புறம் கால், அப்புறம் விட்டுடுங்க" என்றேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது. நிறுத்திய முதல் சில நாள் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. டயஸிபாம் உடம்பை விட்டு மெதுவாக வெளியேறும் மருந்து, அதனால் கஷ்டமும் தாமதமாகத்தான் வரும். எட்டாம் நாள் வந்து நின்றார். "குழாயில தண்ணி சொட்டுறது மண்டைக்குள்ள அடிக்குது சார்." வீட்டில் எல்லாரும் பழைய பதற்றம் திரும்பிவிட்டது என்றார்கள். பழைய பதற்றத்தில் அவருக்குச் சத்தம் இப்படிக் கேட்டதே இல்லை. முன்பு இல்லாத தொந்தரவு புதிதாகத் தலைகாட்டினால், மருந்து விலகுவதால் வருவதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

என் கணக்கைப் பாருங்கள். 5இலிருந்து 2.5, பாதி குறைப்பு. 2.5இலிருந்து 1.25, மறுபடி பாதி. 1.25இலிருந்து ஒன்றுமில்லை, அதாவது முழுக் குறைப்பு. கடைசிப் படிதான் இருப்பதிலேயே பெரிய படி! மூளையில் இந்த மருந்து வேலை செய்யும் விதமும் அப்படி: அளவு குறையக் குறைய, ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் வலு கூடும். 10இலிருந்து 9க்கு வருவதும் 1இலிருந்து பூஜ்யத்துக்கு வருவதும் ஒன்றல்ல.

2025இல் அமெரிக்காவில் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்து ஆரம்பிக்கலாம் என்கிறது. அதுவும் அப்போது எடுத்துக்கொண்டிருக்கும் அளவில்தான் சதவீதம். 5 மில்லிகிராம் 4.5 ஆகும், அடுத்து 4.05. இதை மாத்திரையில் எப்படி வெட்டுவது?

இங்கேதான் திரவ மருந்து வருகிறது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருக்கும் திரவம் என்றால், 4.05 மில்லிகிராமுக்கு 4.05 மில்லிலிட்டர். ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சில் 0.01 வரை கோடு உண்டு, கடைசிக் கட்டத்துக்கு அதுதான் லாயக்கு. காற்றுக்குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கோட்டைப் பாருங்கள். சமையலறை ஸ்பூன் கூடவே கூடாது.

நம் பேச்சு வழக்கில் ஒரு வம்பு இருக்கிறது. மில்லிகிராமையும் 'மில்லி' என்போம், மில்லிலிட்டரையும் 'மில்லி' என்போம். டயஸிபாம் திரவமோ ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றும் வருகிறது, ஐந்து மில்லிகிராம் என்றும் வருகிறது. பாட்டில் மாறினால் ஐந்து மடங்கு உள்ளே போய்விடும். சீட்டில் இரண்டு அளவையும் எழுதித்தரச் சொல்லுங்கள். புதுப் பாட்டில் வாங்கும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள்.

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கினால் போதாதா என்று கேட்பார்கள். டயஸிபாம் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் படிந்துவிடும். மேலே எடுத்தால் குறைவு, அடியில் எடுத்தால் அதிகம். மருந்தாளுநர் தயாரித்துத்தரும் கலவை வேறு, அதையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும்.

நடுவில் தொந்தரவு அதிகமானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதே அளவில் சில வாரம் நிற்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதுவை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள்.

அந்த மனிதரை அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். பழைய அளவுக்குத் திரும்பி, திரவத்துக்கு மாறி, நின்று நின்று இறங்கினார். ஏறக்குறைய இரண்டு வருஷம். கடைசியில் 0.1 மில்லிலிட்டர். சிரிஞ்சில் ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாராம். ஒருநாள் கடைக்கு வந்தவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "ரெண்டு நாளா எடுக்க மறந்துட்டேன் சார்."