செல்பூவுல பொறந்த எங்க பாட்டி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நான் பேசப்போறது என் வீட்டுக்காரரோட பாட்டியைப் பத்தி. நார்வேல ட்ரோன்ட்ஹைம் பக்கத்துல செல்பூன்னு ஒரு ஊரு, அங்க பொறந்து வளர்ந்து, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சப்புறம் கல்யாணம் ஆகி அமெரிக்காவுல மினசோட்டாவுக்கு வந்தவங்க. பேரப்பிள்ளைங்க எல்லாம் பெஸ்தமூர்னு கூப்பிடுவாங்க, நார்வே மொழில பாட்டின்னு அர்த்தம், நானும் அப்படியே பழகிட்டேன். இப்ப அவங்க இல்ல.

கம்பளி பின்றவங்ககிட்ட செல்பூன்னு சொன்னா போதும், கருப்பு வெள்ளைல எட்டு இதழ் பூ போட்ட கையுறைதான் ஞாபகத்துக்கு வரும். 1857ல மாரித்னு ஒரு சின்னப் பொண்ணு முதல்ல அப்படி ஒரு ஜோடி பின்னி சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போனாங்களாம், அதைப் பார்த்து ஊரே கத்துக்கிச்சு, கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குப் பொண்ணு வீட்டுல பின்னிக் குடுக்கிற வழக்கமும் வந்துச்சு. பெஸ்தமூரும் அஞ்சாறு வயசுலயே ஊசி பிடிச்சவங்க. நாலு ஊசில கண்ணிங்க வட்டமா நிக்கும், அஞ்சாவது ஊசி வேலை செய்யும், கருப்பு நூலும் வெள்ளை நூலும் கூடவே ஓடும். மேல தெரியாத நூல் உள்பக்கமா போகுது பாருங்க, அதனால ஒரே கையுறைல ரெண்டு அடுக்கு கம்பளி வந்துடும். மைனஸ் 30 டிகிரி போற ஊருல அது எவ்வளவு பெரிய விஷயம்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அவங்க சின்ன வயசு ஜெர்மன் ஆக்கிரமிப்புல போச்சு. கம்பளிக்கு ரேஷன், அதனால பழைய ஸ்வெட்டரைப் பிரிச்சு, நூலை நனைச்சு நேராக்கி, திரும்பப் பின்னுவாங்க. அப்ப சிவப்பு குல்லா போட்டாலே எதிர்ப்புன்னு அர்த்தம், 1942ல நாஜிங்க அதைத் தடை பண்ணாங்க, ஒரு குல்லாவுக்குப் பயந்திருக்காங்க பாருங்க. அந்தப் பஞ்சத்துல வந்த பழக்கமோ என்னமோ, கடைசி வரைக்கும் ஒரு முழ நூலைக்கூட அவங்க தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்ல.

அயோவால டெக்கோரான்னு ஒரு ஊருல வெஸ்டர்ஹைம்னு நார்வேக்காரங்க மியூசியம் இருக்கு, ஒருதடவை குடும்பமா கூட்டிட்டுப் போனோம். 1825ல நார்வேல இருக்கிற ஸ்தவாங்கர்ல இருந்து ஒரு சின்னக் கப்பல்ல 52 பேர் கிளம்பி நியூயார்க் வந்தாங்க, அதுல ஆரம்பிச்சு நூறு வருஷத்துல லட்சக்கணக்கான பேர் வந்துட்டாங்க. வந்த பொண்ணுங்க மரப்பெட்டில துணிமணியோட கம்பளி சீவுற பலகையும் ராட்டையும் எடுத்துட்டு வந்தாங்க. இங்க வந்து சர்ச்சுல பெண்கள் சங்கம் வச்சு, காலுறையும் கையுறையும் பின்னி ஏலம் விட்டு, அந்தக் காசுல சர்ச்சே கட்டியிருக்காங்க. இதைப் போய் நிறைய பேர் பொழுதுபோக்குன்னு சொல்றாங்க, எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு கிடையாது, வீட்டையும் ஊரையும் நிமிர்த்தின உழைப்பு அது, சம்பளக் கணக்குல வரலைங்கிறதுக்காக உழைப்பு இல்லைன்னு ஆயிடுமா?

பெஸ்தமூர்கிட்ட ஒரு நோட்டு உண்டு. வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு பேரப்பிள்ளையோட கையையும் பேப்பர்ல வச்சு பென்சிலால வரைஞ்சு தேதி போட்டு வச்சிருப்பாங்க. அந்த அளவுக்குத்தான் பின்னல். "ஐ லவ் யூ"ன்னு வாயால சொல்ற பழக்கம் அவங்களுக்குக் கிடையாது, ஆனா எந்தப் பிள்ளைக்கு எப்ப விரல் நீண்டுச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். பசங்களுக்கு ஏதாவது மனசு சரியில்லைன்னா பக்கத்துல உக்காந்து பின்னிட்டே இருப்பாங்க, எதுவும் கேக்க மாட்டாங்க, கொஞ்ச நேரத்துல பிள்ளையே எல்லாத்தையும் கொட்டிடும்.

கையுறைல பேரோட முதல் எழுத்தும் வருஷமும் போடுவாங்க. நான் கல்யாணமாகி வந்தப்போ, உன் எழுத்து எப்படி இருக்கும், தமிழ்லயே எழுதிக் காட்டுன்னாங்க. என் பேரு 'சு'வுல ஆரம்பிக்குது. கட்டம் கட்டமா வர்ற பின்னல்ல இங்கிலீஷ் எழுத்து சுலபமா உக்காந்துடும், நம்ம எழுத்தோ வளைவும் சுழியுமா இருக்கு. விட்டாங்களா? கிராஃப் பேப்பர்ல வரைஞ்சு, பின்னிப் பார்த்து, பிரிச்சு, மறுபடி பின்னி, என்கிட்ட காட்டி, இந்தச் சுழி சரியான்னு கேட்டு, அந்தக் குளிர்காலம் முழுக்க அதே வேலை. அந்த வீட்டுல எனக்கு இடம் உண்டுன்னு நான் நம்பினது அந்த ஜோடியைக் கைல போட்டப்பதான்.

அதைக் கண்ணாடி ஃப்ரேம்ல வைக்கலாம்னு சொன்னேன், கோவம் வந்துடுச்சு அவங்களுக்கு. போடு, தேயட்டும், ஓட்டை விழுந்தா கொண்டா, நான் தைச்சுத் தர்றேன்னாங்க. இப்ப தைச்சுத் தர அவங்க இல்லாததால நானும் என் பொண்ணும் அவங்க ஊசியை வச்சே கட்டைவிரல் ஓட்டை அடைக்கக் கத்துக்கிட்டு இருக்கோம். சொந்தக்காரங்க எல்லாரும் தேஞ்ச ஜோடிங்களை எங்க வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க, ஒரு கூடை நிறைய இருக்கு, பனி விழறதுக்குள்ள அத்தனையும் முடிச்சு அவங்கவங்களுக்குத் திருப்பி அனுப்பணும். நன்றி, வணக்கம்.