என் பெயரில் பெரியம்மா கட்டிய சந்தா

வணக்கம் நண்பர்களே. வழக்கமாக ஞாயிறு காலையில் ஏற்காடு அடிவாரம் வரை நடந்துவிட்டு வந்துதான் கேமராவை எடுப்பேன். இன்று நடக்கப் போகவில்லை. சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மொட்டைமாடிக்கு நேராக வந்துவிட்டேன். இதைச் சொல்லி முடிக்கும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது.

எங்கள் கிறிஸ்தவ சபையில் கமிட்டித் தேர்தல் வருகிறது. வாக்காளர் பட்டியலைச் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அதில் வட்டம் போட்டு ஒரு பெயர் இருந்தது, என் பெயர். சந்தா பாக்கி வைக்காதவர்களுக்கு மட்டுமே அந்தப் பட்டியலில் இடம் உண்டு. நானோ 2019 கடைசியில், இனி எனக்கு விசுவாசம் இல்லை, சந்தாவும் கட்டமாட்டேன் என்று ஆயரிடம் நேரிலேயே சொல்லிவிட்டு வந்தவள். அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு தேநீர் கொடுத்து அனுப்பினார். பிறகு எப்படி?

பெரியம்மாதான். விசாரித்துக்கொண்டு போனபோது மறைக்கவே இல்லை. ஜிப் வைத்த பைபிள் உறையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டை எடுத்து மடியில் வைத்தார். வெளிர் சிவப்பு ரசீதுகள், ஒவ்வொன்றிலும் என் பெயர், மாதம், தொகை. 2020 முதல் 2022 வரை மாதம் 150 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகள் 200 ரூபாய். நான் அங்கேயே உட்கார்ந்து கூட்டினேன்: முதலில் 5,400, பிறகு 4,800, ஆக மொத்தம் 10,200 ரூபாய். முதியோர் ஓய்வூதியத்தில் மாத்திரை வாங்குகிற ஒரு மனுஷி, நான் நம்பாத ஒன்றுக்காக, என் பெயரில் கட்டிய பணம். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

ஏன் பெரியம்மா என்று கேட்டேன். “கல்லறைத் தோட்டத்தில் உன் அப்பா பக்கத்தில் உனக்கு இடம் வேண்டாமா கண்ணு? சந்தா இல்லையென்றால் உனக்காக மணிகூட அடிக்கமாட்டார்கள்” என்றார்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எங்கள் குடும்பம் நேற்று சபைக்கு வந்ததல்ல. லண்டன் மிஷன் சேலத்தில் 1827இல் பணி தொடங்கியது. அதன் பள்ளியில்தான் என் தாத்தாவின் அப்பா எழுத்துக் கற்றார். படிப்பு, வேலை, கல்யாணம், சாவு எல்லாமே அந்த மதிற்சுவருக்குள் நடந்த குடும்பம். ஆகவே பெரியம்மாவின் பயத்தை நான் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். நான் விசுவாசத்தை இழந்த கதை உங்களுக்குத் தெரியும், முதல் காணொளியிலேயே விரிவாகப் பேசியிருக்கிறேன்: மாற்கு சுவிசேஷம் 16ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் என்னும் பழைய பைபிள் கையெழுத்துச் சுவடிகளில் இல்லை என்று படித்த இரவில் தொடங்கியது அது. மனம் மாறுவதற்குச் சில புத்தகங்கள் போதுமாக இருந்தன. ஆனால் சபை நமக்காகச் செய்துகொண்டிருந்த காரியங்களை யார் செய்வது? எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கடவுள் உண்டா என்று கேட்பதில்லை. என் மகளுக்கு யார் தாலி எடுத்துக் கொடுப்பார், என்னை எங்கே புதைப்பார்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

கல்யாணத்துக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு மணமக்களில் ஒருவராவது கிறிஸ்தவராக இருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு மதமே வேண்டாம். அறிவிப்புக் கொடுத்து, 30 நாள் பொறுத்து, மூன்று சாட்சிகளோடு போனால் பதிவு செய்துவிடுவார்கள். அந்த 30 நாள் அறிவிப்புப் பலகை எனக்கு அறவே பிடிக்காது, வீட்டாருக்குப் பயந்து வருகிறவர்களை அது காட்டிக்கொடுக்கிறது. இருந்தாலும் வழி வழிதான்.

சாவுக்கு நான் கண்ட வழி உடல் தானம். இரும்பாலை சாலையில் உள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இதில் பலரும் கவனிக்காத ஒன்று: நாம் கையெழுத்துப் போட்டால் மட்டும் காரியம் முடிவதில்லை. நாம் போன பிறகு தகவல் சொல்லி உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டார். அவர்கள் மறுத்தால் அந்தத் தாளுக்கு வலு இல்லை. ஆகவே நெருங்கிய உறவினரை வைத்தே சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். கண்ணைத் தனியாகக் கொடுப்பதானால் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். சித்தப்பா மகன், அதே சபையில் வாலிபர் சங்கச் செயலாளர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எனக்குக் கையெழுத்துப் போட்டான். இந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது.

சிலர் கட்சியில், இயக்கத்தில் சேர்ந்துவிடுங்கள் என்கிறீர்கள். நீதிக்கட்சி 1944இல் திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இதே சேலம் மாநாட்டில்தான். அந்த வரலாற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, இங்கே என்னைப் போன்றவள் தலைநிமிர்ந்து பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எனக்கு இல்லாமல்போனது கொள்கை அல்ல. நாலு குரலில் சேர்ந்து பாடுவது. பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோ வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நாம் வாங்காமல் பாட்டைத் தாங்கிப் பிடிப்பது. காய்ச்சலில் கிடந்தால் கஞ்சியோடு வந்து நிற்கும் ஆட்கள். இவை கடவுளுக்குச் சொந்தமானவை அல்ல, மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்தவை. வெளியே வந்தவர்கள் இவற்றைக் கையால் மறுபடி கட்டியே ஆகவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பணத்தின் கதையை முடிக்கவில்லையே. 10,200 ரூபாயையும் உறையில் போட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். இனி கட்டாதீர்கள், நம்பாத இடத்தில் பயத்துக்காக என் பெயர் இருக்கக் கூடாது, அது உங்கள் விசுவாசத்துக்கும் மரியாதை இல்லை என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த ஞாயிறு அப்படியே காணிக்கைப் பையில் போட்டுவிட்டாராம். அது அவர் பணம், அவர் விருப்பம்; நான் ஒன்றும் சொல்லவில்லை. பெயரை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

சேலத்தில் இருப்பவர்களுக்கு: வரும் சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு இதே மாடியில் பாடப் போகிறோம். பழைய திரைப்பாட்டு, நாட்டுப்பாட்டு, எதுவானாலும் சரி. ஆல்ட்டோவுக்கு நான் இருக்கிறேன். பேஸ் பாட ஆள் இல்லை. கனத்த குரல் உள்ளவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.