பத்து மீட்டர் தள்ளி நின்று

நேயர்களுக்கு வணக்கம்.

மாணவர்களை வெளிநாட்டுக் காடுகளுக்கு அழைத்துச் செல்லும் பயணங்கள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. அப்பயணங்களின் விளம்பரங்கள் சாகசத்தையும் வனவிலங்கையும் ஒரே மூச்சில் பேசுகின்றன. ஆனால் இவ்விரண்டும் மாணவரிடம் எதிர்பார்ப்பவை வெவ்வேறானவை. நுரைத்துச் சீறும் ஆற்றில் படகு செலுத்தத் துணிச்சல் போதும். ஒரு கொரில்லாக் குடும்பத்தின் எதிரில் ஒரு மணி நேரம் நிற்பதற்கு அடக்கம் வேண்டும். விலங்கியல் பயிலும் கல்லூரி மாணவர்களுடன் உகாண்டாவுக்குச் சென்றுவந்த ஆசிரியர்களுள் நானும் ஒருவர். விலங்கிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது, அந்தத் தூரத்தை முடிவு செய்பவர் யார் என்னும் கேள்வி அந்தப் பயணம் முழுவதும் எங்களைத் தொடர்ந்து வந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

உகாண்டாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அந்நாட்டின் மேற்குப் பகுதியில் புல்வெளியும் மழைக்காடும் ஏரிகளும் ஒருநாள் சாலைப் பயணத்துக்குள் அடங்கிவிடுவதுதான். கிபாலே தேசியப் பூங்காவில் மட்டும் சிம்பன்சி உட்பட 13 முதனி இனங்கள், அதாவது குரங்குகளும் அவற்றின் உறவினங்களும், வாழ்கின்றன. தென்மேற்கு மூலையிலுள்ள புவிண்டி, உலகின் மலைக் கொரில்லாக்களில் ஏறத்தாழப் பாதிக்கு வீடு. பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவையும் கொஞ்சநஞ்சமல்ல. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் நாட்டுக்குள் நுழைய முடியாது. மலேரியாத் தடுப்பு மருந்தையும் மருத்துவரைக் கேட்டு உரிய காலத்தில் தொடங்கிவிட வேண்டும். கொரில்லாக்களைக் காண 15 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் விதி. ஆகவே பள்ளிக் குழுக்கள் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்துவிட்டே திட்டமிடுவது நல்லது. வெளிநாட்டவருக்கான அனுமதிச் சீட்டின் விலை 2024 ஜூலை முதல் 800 அமெரிக்க டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டுமே, அதுவும் ஒரு மணி நேரம் மட்டுமே காணலாம் என்பதால், பெரிய குழுவாகச் சென்ற நாங்கள் சிறு அணிகளாகப் பிரிய நேர்ந்தது. எட்டுப் பேர் என்பதைப் பயணக் குழு அமைப்பவர்கள் ஒரு தொல்லையாகக் கருதுவதுண்டு. எனக்கோ அதுவே இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த ஏற்பாடாகப் பட்டது.

முதலில் சாகசத்தைச் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கமானது. விக்டோரியா ஏரியிலிருந்து நைல் வெளியேறும் ஜிஞ்சா நகருக்கு அருகே, ரப்பர் படகில் நீர்ச்சரிவுகளைக் கடக்கும் விளையாட்டு நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. தண்ணீரில் விழுந்தவர் மல்லாந்து படுத்து, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும். எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்க முயலக் கூடாது, பாறையிடுக்கில் கால் சிக்கினால் நீரின் விசையே ஆளை மூழ்கடித்துவிடும் என்று கரையிலேயே பயிற்சி அளித்தார்கள். மாணவர்கள் விழுந்தார்கள், சிறு கயாக் படகுகளில் காத்திருந்த காப்பாளர்கள் தூக்கி ஏற்றினார்கள், மீண்டும் விழுந்தார்கள். அவர்களுக்கு அது பெருமகிழ்ச்சி. ஆயினும் அங்கே பயணிகள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. 2012இல் புஜகாலி அணையும் 2019இல் இசிம்பா அணையும் செயல்படத் தொடங்கியபோது, முன்பு பெயர்பெற்றிருந்த நீர்ச்சரிவுகள் பல நீர்த்தேக்கங்களுக்கு அடியில் மறைந்தன. நாங்கள் கூச்சலிட்டுக் கடந்தது எஞ்சியிருந்த ஆற்றை.

அங்கிருந்து வடக்கே செல்லும் வழியில் சீவா காண்டாமிருகக் காப்பகம் இருக்கிறது. வேட்டையாலும் உள்நாட்டுப் போராலும் 1980களில் உகாண்டாவின் காடுகளில் காண்டாமிருகம் அறவே அற்றுப்போயிற்று. 2005இல் கென்யாவிலிருந்தும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்தும் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்களை வரவழைத்து இங்கே இனப்பெருக்கத்தைத் தொடங்கினார்கள். 2009இல் பிறந்த முதல் கன்றின் தந்தை கென்யாவிலிருந்தும் தாய் அமெரிக்காவிலிருந்தும் வந்தவை என்பதால், அந்தக் கன்றுக்கு ஒபாமா என்றே பெயரிட்டுவிட்டார்கள். காவலரின் பின்னே நடந்து சென்றுதான் இவ்விலங்குகளைப் பார்க்க வேண்டும். புறப்படுமுன் காவலர் ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். காண்டாமிருகத்துக்குக் கண்பார்வை மங்கல். மோப்பமும் செவியும் கூர்மை. ஆகையால் எவ்வளவு நெருங்கலாம் என்பதை அங்கே அளவுகோல் சொல்வதில்லை, காற்று சொல்கிறது. எதிர்க்காற்றில் நின்றிருந்த எங்களை ஒரு தாயும் கன்றும் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று சற்றே திரும்பிய கணத்தில் தாயின் காதுகள் இரண்டும் எங்கள் பக்கம் திரும்பின. காவலர் சொல்லுக்குக் காத்திராமல் எல்லோரும் பின்வாங்கியதைப் பார்த்தபோது, வகுப்பறையில் இவ்வளவு விரைவான கீழ்ப்படிதலைக் கண்டதில்லையே என்று எண்ணிக்கொண்டேன்.

ராணி எலிசபெத் தேசியப் பூங்காவில், ஜார்ஜ், எட்வர்ட் என்னும் இரு ஏரிகளை இணைக்கும் கசிங்கா கால்வாயில் நீர்யானைகள் கூட்டங்கூட்டமாகக் கிடக்கின்றன. படகிலிருந்து பகலில் பார்க்கும்போது அவை அசைவற்ற பாறைகள். இரவில்தான் கரையேறிப் புல் மேய வருகின்றன. தங்குமிடத்தின் ஜன்னலுக்கு வெளியே, தடித்த உதடுகள் புல்லைக் கொத்தாகப் பற்றிப் பிய்க்கும் ஓசை நெடுநேரம் கேட்டது. இருட்டிய பின் அறையைவிட்டு வெளியே வர வேண்டுமானால் ஊழியர் துணையோடுதான் வர வேண்டும். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் அகப்படுவதே அங்கு மிகப் பெரிய ஆபத்து. மிரண்ட நீர்யானை நீரை நோக்கித்தான் ஓடும். எதிரில் யார் நிற்கிறார் என்று அது பார்ப்பதில்லை.

கிபாலேயில் சிம்பன்சிகளை முதலில் கேட்டோம், பிறகே கண்டோம். ஆண் சிம்பன்சி பெருமரங்களின் பலகை போன்ற வேர்களைக் கையாலும் காலாலும் முரசுபோல் அடித்துத் தன் இருப்பைத் தொலைவிலுள்ள கூட்டத்தாருக்கு அறிவிக்கும். அந்த அதிர்வு காலடி மண்ணில் ஏறியது. சிம்பன்சிகள் ஓரிடத்தில் தங்குவதில்லை. அவற்றின் பின்னே ஓடியே மூச்சு வாங்கியது.

இனி புவிண்டி. அந்தக் காட்டின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,160 மீட்டரில் தொடங்கி 2,600 மீட்டருக்கு மேல் செல்கிறது. உள்ளே போக முடியாத காடு என்ற பொருள்படவே ஆங்கிலேயர் அதற்குப் பெயர் வைத்தார்கள், அதில் மிகையில்லை. பாதை என்று ஒன்று சற்று நேரமே இருந்தது. அதன் பிறகு கொடிகளின் மேல்தான் நடை. கால் மண்ணைத் தொடுவதே இல்லை. பிடித்து ஏறலாம் என்று கை நீட்டிய செடி தொட்டால் அரிப்பெடுக்கும் காஞ்சொறியாக இருக்கும் என்பதால், தடித்த கையுறை இல்லாமல் ஏறக் கூடாது. முந்தின இரவு கொரில்லாக்கள் படுக்கை அமைத்த இடத்திலிருந்து தடம் பார்ப்போர் விடியற்காலையிலேயே அவற்றைப் பின்தொடரத் தொடங்கி, இருக்குமிடத்தை வானொலிக் கருவியில் வழிகாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சில அணிகள் ஒரு மணி நேரத்தில் குடும்பத்தை அடைந்துவிட்டன. ஓர் அணி பிற்பகல் வரை நடந்தது.

குடும்பம் அருகில் இருக்கிறது என்றதும் பைகளையும் ஊன்றுகோல்களையும் சுமைதூக்குவோரிடம் ஒப்படைத்துவிட்டு முகக்கவசம் அணிய வேண்டும். முன்பு 7 மீட்டராக இருந்த இடைவெளியை கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் 10 மீட்டராக உயர்த்தியிருக்கிறார்கள். வழிகாட்டி தொண்டையைச் செருமுவது போன்ற தாழ்ந்த ஓசை ஒன்றை எழுப்புவார். அது கொரில்லாக்களே தமக்குள் எழுப்பும் ஓசை; வந்திருப்பவர்களால் தீங்கில்லை என்று அறிவிப்பது. மனிதரைக் கண்டு ஓடாமலும் தாக்காமலும் இருக்க ஒரு குடும்பத்தைப் பழக்குவதற்கு ஈராண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். அவ்வாறு பழகிய முதல் குடும்பத்தைப் பயணிகள் 1993இல் காணத் தொடங்கினார்கள்.

நாங்கள் மாணவர்களுக்கு ஒரு நிபந்தனை விதித்திருந்தோம். முதல் பத்து நிமிடம் படம் எடுக்கலாம். பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, கண்ணால் கண்டதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் படத்தில் அகப்படாதவை அந்தக் குறிப்பேடுகளில்தான் இருந்தன. முதுகில் வெள்ளி நிற ரோமம் படர்ந்த தலைவன் ஒரு கொடியை உருவி, இலைகளை உள்ளங்கையில் மடித்து, மடித்த கட்டாக வாய்க்குள் திணித்ததை ஒருவர் வரைந்திருந்தார். பெண் கொரில்லா ஒன்று மட்கிய அடிமரத்தை வெகுநேரம் நக்கிக்கொண்டிருந்ததையும், பின்பு அதில் ஒரு துண்டைப் பெயர்த்து மென்றதையும் ஒரு மாணவி எழுதியிருந்தார். இலை தழைகளில் சோடியம் மிகக் குறைவு. புவிண்டியின் கொரில்லாக்கள் தமக்கு வேண்டிய சோடியத்தின் பெரும்பகுதியை மட்கிய மரத்திலிருந்தே பெறுகின்றன என்பது ஆய்வில் அறியப்பட்ட செய்தி. அதை முன்கூட்டிப் படித்திராத மாணவி, பசிக்காகத் தின்பதாகத் தோன்றவில்லை, உப்பை நக்குவது போல் இருந்தது என்று தானாகவே எழுதியிருந்ததை நான் வகுப்பில் இன்றும் வாசித்துக் காட்டுகிறேன்.

நாம் 10 மீட்டரைக் காத்தாலும் கொரில்லாக் குட்டி காக்க வேண்டும் என்றில்லை. இரண்டு வயது மதிக்கத்தக்க ஒன்று, மார்பில் தட்டிக்கொண்டே எங்களை நோக்கி உருண்டு வந்தது. நாம்தான் பின்னால் நகர வேண்டும். கை நீட்டக் கூடாது, சிரித்துப் பல்லைக் காட்டக் கூடாது. பெரிய ஆண் பாய்வது போல் முன்னே வந்தால் ஓடாமல், பார்வையைத் தாழ்த்திக் குனிந்துவிட வேண்டும்.

இந்த விதிகள் மனிதரைக் காப்பதற்காக என்றே முதலில் மாணவர்கள் எண்ணினார்கள். உண்மை பெரும்பாலும் அதற்கு மாறானது. நமக்கு எளிய சளியாக வந்து போகும் கிருமி, அதைக் கண்டிராத கொரில்லாவுக்கு நிமோனியாவாக முற்றிவிடக்கூடும். 1996இல் புவிண்டியின் கொரில்லாக் குடும்பம் ஒன்றில் சொறி நோய் பரவி, ஒரு குட்டி இறந்தது. தோட்டங்களில் நட்டிருந்த சோளக்கொல்லை பொம்மைகளின் அழுக்குத் துணிகளைத் தொட்டதால் அந்நோய் மனிதரிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. அதற்குச் சிகிச்சை அளித்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிக்குசோகா, காட்டோரத்து மக்களின் உடல்நலத்தைப் பேணாமல் கொரில்லாக்களைக் காக்க முடியாது என்று கண்டு, 2003இல் இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் அமைப்பு ஒன்றை நிறுவினார். ஆயிரத்தைச் சற்றே தாண்டும் மலைக் கொரில்லாக்கள்தான் உலகில் உள்ளன. மனிதக் குரங்குகளுள் எண்ணிக்கை கூடிவருவதாக உறுதியாகச் சொல்லத்தக்கவை இவையே. 2018இல் மிக அருகிய இனம் என்ற நிலையிலிருந்து அருகிய இனம் என்ற நிலைக்கு உயர்த்தப்பட்டதில், இத்தகைய உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. எங்கள் குழுவிலும் ஒரு மாணவர் புறப்படும் காலையில் தொண்டை வலிக்கிறது என்று தாமாகவே வந்து சொன்னார். அவரை விட்டுவிட்டே ஏறினோம்.

தூரம் பற்றிய இந்தப் பேச்சில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. புவிண்டியில் தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த பட்வா மக்கள், 1991இல் அது தேசியப் பூங்காவானபோது வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலருக்கு நிலமும் கிடைக்கவில்லை, இழப்பீடும் கிடைக்கவில்லை. பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு சுற்றுப்புற மக்களுக்குச் சேர வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், நிலமுள்ள விவசாயிகளுக்கு எட்டும் பயன் நிலமற்ற பட்வா மக்களுக்கு எட்டுவது அரிது. 2021இல் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு உரிய இழப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றது. காட்டின் விளிம்பில் பட்வா முதியவர் ஒருவர் தீக்கடைந்து காட்டினார். பயணிகளுக்காக அமைக்கப்பட்ட அந்த மாதிரிக் குடிசையில் நின்றபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிகழ்ச்சியைத் தவிர்த்துவிட்டிருந்தால், நாங்கள் வியந்து பார்த்த காட்டிலிருந்து எவரும் வெளியேற்றப்படவே இல்லை என்ற எண்ணத்துடன் மாணவர்கள் திரும்பியிருப்பார்கள். அன்றிரவு உணவு மேசையில் வாதம் மூண்டது. கொரில்லாவைக் காக்க வேறு வழியே இருந்திருக்காது என்றார் ஒருவர். காட்டை அழித்தவர்கள் மரம் வெட்டியவர்களும் தங்கம் தோண்டியவர்களுமாக இருக்க, பட்வாக்களை ஏன் வெளியேற்ற வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். இரண்டாமவரின் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் கருத்து. அதை மாணவர்களிடம் மறைக்கவுமில்லை.

இத்தகைய பயணத்தைத் திட்டமிடும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வசதி கருதிப் பலரும் புவிண்டியை முதலில் வைத்துக்கொள்கிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சீவாவில் காற்றைக் கவனிக்கவும், கிபாலேயில் பேசாமல் நடக்கவும் பழகிய பிறகு ஏறும் மாணவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் வேறாக இருக்கும். பட்வா மக்களைச் சந்திப்பதைக் கொரில்லாக்களைக் காணும் நாளுக்கு முந்தின நாளே வைத்துக்கொள்ளுங்கள். களைப்போடு இறங்கி வருபவர்களுக்கு எதையும் கேட்கும் பொறுமை இருப்பதில்லை. அனுமதிச் சீட்டுகள் ஆளின் பெயரிலேயே வழங்கப்படுகின்றன என்பதால், மாணவர் பட்டியலை உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள்; ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே பதிந்துவிடுங்கள். மழைக்காலத்தில் நெருக்கடி குறைவு, சறுக்கல் அதிகம். நல்ல காலணியும் பொறுமையும் உள்ள குழுவுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

நன்றி, வணக்கம்.