அரைக்கம்பத்தில் கொடி

நேயர்களுக்கு வணக்கம். துக்க நாளில் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றும் முறையை இன்று பார்ப்போம். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ 2015 மார்ச் 23 அன்று காலமானார். அந்நாட்டில் ஏழு நாள் துக்கம். நாடாளுமன்ற மாளிகையில் அஞ்சலி செலுத்த நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். முதலில் இரவு எட்டு மணி வரை என்று இருந்தது. வரிசை நீண்டதும் இருபத்து நாலு மணி நேரமும் திறந்துவிட்டார்கள். 29 ஆம் தேதி பீரங்கி வண்டியில் இறுதி ஊர்வலம் போனபோது கொட்டும் மழை. கொடி போர்த்திய பேழைக்குக் கண்ணாடிக் கூடு போட்டிருந்தார்கள். தமிழுக்கு ஆட்சிமொழி இடம் தந்த நாட்டின் தலைவர் அவர். இறுதி ஊர்வலம் நடந்த அன்று இந்தியாவும் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு ஒரு நாள் துக்கம் அனுசரித்தது.

அது ஞாயிற்றுக்கிழமை. இப்படி விடுமுறை நாளில் துக்க உத்தரவு வந்தால்தான் நம் ஊர்ப் பள்ளிகளிலும் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் குழப்பம் வருகிறது. தினமும் கொடி பறக்கும் கட்டடங்களில்தான் அரைக்கம்பம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 மட்டும் ஏற்றுகிற பள்ளி, துக்கத்துக்கென்று தனியாக ஏற்ற வேண்டியதில்லை. துக்க நாள் சுதந்திர தினத்திலோ, குடியரசு தினத்திலோ, காந்தி ஜெயந்தியிலோ விழுந்தால் கொடி முழு உயரத்தில்தான் பறக்கும். உடல் வைத்திருக்கும் கட்டடத்தில் மட்டும், உடலை எடுக்கும் வரை, அரைக்கம்பம்.

ஏற்றும் முறைக்கு வருவோம். கொடியை நேராகப் பாதியில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் எங்கும் நடக்கிற தவறு. முதலில் உச்சிவரை விறுவிறுவென்று ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு நிதானமாகப் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையிலும் அப்படியே: பாதியிலிருந்து உச்சிக்கு ஏற்றி, அதன்பிறகே கீழே இறக்க வேண்டும். காலையில் ஆசிரியர் ஏற்றுவார், மாலையில் வாட்ச்மேன் இறக்குவார். அவருக்கு யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

பாதி என்பது கண்மதிப்பு அல்ல. இழுவைக் கம்பி (கம்பம் சாயாமல் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கம்பி) இல்லாத இருபதடி இரும்புக் கம்பத்தில் பத்தடி. முந்தின நாளே வெறும் கயிற்றை ஓட்டிப் பார்த்து, பாதி வரும் இடத்தில் கொக்கிக்கு நேராகக் கயிற்றில் ஒரு சிவப்பு நூல் கட்டி வையுங்கள். கப்பி துருப்பிடித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும், எண்ணெய் விடலாம். விழா நாளில் பூவை வைத்து மடித்துச் சுருக்கு முடிச்சுப் போடுகிற பழக்கம் இங்கே கூடாது. கொடியை விரித்தே கட்டுங்கள். இன்னொன்று: உச்சியில் நன்றாகப் பறக்கிற கொடி நடுக்கம்பத்தில் சுற்றிக்கொள்ளும், ஏனென்றால் அங்கே கயிறு தொய்ந்து காற்றில் ஆடும். கீழ்க்கயிற்றை இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும். கொடியில் கறுப்புத் துணி கட்டாதீர்கள். ஊர்வலத்தில் ஏந்திச் செல்லும் கொடியின் முனையில் கறுப்பு நாடா கட்டலாம், அதுவும் அரசு உத்தரவு இருந்தால் மட்டும்.

அரசு மரியாதையோடு மதுரை தத்தனேரி மயானத்துக்கு ஓர் உடல் போகிறது என்றால், போர்த்தும் கொடியில் காவி நிறம் தலைமாட்டில் இருக்க வேண்டும். அதன்மேல் மாலைகளைக் குவிப்பது பார்க்கவே மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கால்மாட்டில் வைக்கலாமே. தகனத்துக்கு முன்பு கொடியை எடுத்து மடித்துவிட வேண்டும். கொடி தீயிலும் சேரக் கூடாது, குழியிலும் இறங்கக் கூடாது.

மௌனத்தையும் சொல்லிவிடுகிறேன். காந்தியடிகள் நினைவாக ஜனவரி 30 அன்று 10.59 க்குச் சங்கு (சைரன்) ஊதும், ஒரு நிமிடம். ஊதத் தொடங்கியதுமே மௌனம் என்று பலர் நினைக்கிறார்கள். அது எழுந்து நிற்பதற்கான நேரம். மௌனம் 11 மணிக்குத் தொடங்கி இரண்டு நிமிடம். 11.02 க்கு மறுபடி சங்கு ஊதும். சங்கு இல்லாத கிராமத்தில் பள்ளி மணியே போதும்; அடிப்பவர் கையில் கடிகாரம் இருக்கட்டும். வணக்கம்.