சட்டியில எவ்வளவு தண்ணி? (வெள்ளவத்தையில விஞ்ஞான தினக் கூட்டத்தில பேசினது)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, மேடையில இருக்கிற அதிபர்மாரே, இந்த மழைக்குள்ளயும் காலி வீதி ட்ராஃபிக்கைத் தாண்டி வந்திருக்கிற பெற்றோரே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் தந்து உதவின ஐயாவுக்கும், ஒலிபெருக்கி போட்ட தம்பிமாருக்கும், வாசல்ல தேத்தண்ணி குடுக்கிற அக்காமாருக்கும் முதல்ல நன்றி சொல்லவேணும்.

இண்டைக்கு மூண்டு விசயம் சொல்லப்போறன்: சாரீரப்பதனை (ஃபோன்ல வீதத்தில காட்டுற ஈரப்பதன்) ஸ்பெசிஃபிக் ஹியூமிடிட்டியா மாத்துற சூத்திரம், அதில அமுக்கத்தின்ட பங்கு, உயரத்தில இருக்கிற நுவரெலியாவின்ட கணக்கு.

சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். காத்தை ஒரு சட்டி எண்டு வைப்பம், நீராவிதான் அதில இருக்கிற தண்ணி. சாரீரப்பதன் அந்தச் சட்டி எத்தனை வீதம் நிரம்பியிருக்கு எண்டு மட்டும்தான் சொல்லும், சட்டி எவ்வளவு பெரிசு எண்டு சொல்லாது. ஒரு கிலோ காத்தில எத்தனை கிராம் நீராவி எண்டு சொல்லுறதுதான் ஸ்பெசிஃபிக் ஹியூமிடிட்டி.

எங்கட மாமி ஃப்ளாட் பல்கனியில மோர் மிளகாய் காயவைக்கிறவ. ஒருநாள் விடிய மகள் ஃபோனைப் பாத்து, "அம்மம்மா, ஈரப்பதன் 92 வீதம், இண்டைக்குக் காயாது" எண்டாள், மாமி கேக்காமல் சுளகோட கொண்டுபோய் வச்சிட்டா, மத்தியானம் பாத்தா 69 வீதம், மிளகாய் சலசலவெண்டு காஞ்சு கிடக்கு. மாமி கேட்டா, "அப்ப காலமை இருந்த தண்ணி எங்க பிள்ளை போனது?" நல்ல கேள்வி, நாங்கள் மேசையில இருந்து கணக்குப் பாத்தம். காலமை 25 பாகை, நிரம்பலாவியமுக்கம் (சட்டி முழுக்க நிரம்பினா நீராவி குடுக்கிற அமுக்கம்) 31.7 ஹெக்டோபாஸ்கல், அதில 92 வீதம் 29.2. அதை 0.622ஆல பெருக்கி (நீர் மூலக்கூறு 18, காத்து 29, அந்த விகிதம்தான் அது), வளி அமுக்கம் 1010இல இருந்து 29.2இன்ட 0.378 மடங்கைக் கழிச்சு வாறதால பிரிச்சா கிலோவுக்கு 18 கிராம். மத்தியானம் 30 பாகை, நிரம்பலாவியமுக்கம் 42.5, அதில 69 வீதம், அதே வழியால போனா திரும்பவும் 18 கிராம்! தண்ணி எங்கயும் போகேல்ல மாமி, சூட்டில சட்டிதான் பெருத்தது, பெருத்த சட்டியில இடம் இருந்தபடியா மிளகாய்த் தண்ணியையும் எடுத்துக்கொண்டுது. நிரம்பலாவியமுக்கத்துக்கு வானிலை ஆய்வாளர் போல்டன் 1980இல தந்த சூத்திரம் போதும், பிள்ளைகள் கல்குலேட்டர்லயே செய்யலாம்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்லுறன் எண்டா, வேர்வையும் அந்த மிளகாய் மாதிரித்தான், காத்தில இடம் இருந்தாத்தான் காயும், காஞ்சாத்தான் உடம்பு குளிரும். ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியில அணிநடைக்கு நிண்ட பிள்ளை மயங்கி விழுந்ததை என்ட கண்ணால பாத்தன். வெயில் அப்பிடியொண்டும் கொளுத்தேல்ல, ஆனா சட்டை உடம்போட ஒட்டிக்கிடந்தது. அங்க ஆரிட்டையும் ஒரு அளவும் இல்லை. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும், அளவு இல்லாத இடத்தில எச்சரிக்கை எங்கயிருந்து வரும்?

அதால அதிபர்மாரிட்டக் கையெடுத்துக் கேக்கிறன், ஒவ்வொரு மைதானத்திலயும் உலர்குமிழ் ஒண்டு, ஈரக்குமிழ் ஒண்டு, ரெண்டு வெப்பமானி நிழல்ல தொங்கட்டும். ஈரத்துணி சுத்தினது எவ்வளவு குறைவாக் காட்டுது எண்டு வச்சே ஈரப்பதனை எடுக்கலாம், கரண்ட் தேவையில்லை.

தலைவர் மணி அடிச்சிட்டார், அமுக்கமும் நுவரெலியாவும் அடுத்தமுறை. வாசல்ல, தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில ரெண்டு வெப்பமானி மாட்டியிருக்கிறன், கீழ ஒரு கொப்பியும் இருக்கு. வாசிச்சுப் பாத்து, உங்கட பாடசாலையின்ட பேரை எழுதிட்டுப் போங்கோ.